சைக்கிள் ஹெல்மெட்டுக்குள் ஏன் தெர்மாகோல் இருக்கிறது?

போன ஐப்பசி மழையில் என் அண்ணன் மகன் நீலகிரியில் கட்டபெட்டு பக்கம் சைக்கிளில் இருந்து விழுந்தான். இறக்கம், ஈர ரோடு, வளைவில் அப்பிக் கிடந்த சில்வர் ஓக் இலைகள். முன்சக்கரம் வழுக்கி இடது பக்கமாகச் சாய்ந்தவனின் தலை ரோட்டோரக் கருங்கல்லில் மோதியது. முழங்கையில் சிராய்ப்பு, தோளில் வீக்கம். டாக்டர் பார்த்துவிட்டு, இரண்டு நாள் கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார். தலைக்கு ஒன்றுமில்லை.

அன்று சாயங்காலம் அண்ணன் அந்த ஹெல்மெட்டை என் முன்னால் வைத்தார். இடது காதுக்கு மேலே ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். "ரெண்டாயிரம் ரூபாய் குடுத்து வாங்கினது தம்பி. உள்ளே பாரு, வெறும் தெர்மாகோல். ஒரே அடியில பொளந்துடுச்சு. நல்லா ஏமாத்திட்டான்" என்றார்.

அவர் கோபம் எனக்குப் புரிந்தது. நீலகிரியில் தெர்மாகோல் என்றாலே குப்பை என்றுதான் நாம் நினைக்கிறோம். 2019 ஜனவரி முதல் தமிழ்நாடு முழுவதும் தெர்மாகோல் தட்டுக்கும் குவளைக்கும் தடை இருக்கிறது. டிவி பெட்டியில் வருவது, மீன்காரர் ஐஸ் போட்டுக் கொண்டுவருவது, கையால் ஒடித்தால் ஒடிவது. அதைப் போய் தலைக்கு வைப்பார்களா? ஆனால் அந்தத் தெர்மாகோல் நசுங்கியதுதான் பையனின் தலையைக் காப்பாற்றியது. எப்படி என்று புரிய, ஹெல்மெட் தயாராகும் விதத்தை முதலில் இருந்து பார்க்க வேண்டும்.

முட்டைக்கோஸ் பிடிப்பவர் கையைப் பின்னால் இழுப்பது ஏன்?

கேத்திப் பள்ளத்தாக்கில் லாரிக்கு முட்டைக்கோஸ் ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். கீழே நிற்பவர் வீசுவார், மேலே நிற்பவர் பிடிப்பார். பிடிப்பவரின் கையைக் கவனியுங்கள். கோஸ் கையில் பட்டதும் கை அதோடு சேர்ந்து கொஞ்சம் பின்னால் போகும். கையை விறைப்பாக வைத்துப் பிடித்தால் உள்ளங்கை எரியும், கோஸும் அடிபடும்.

மலைப் பேருந்திலும் இதே கதைதான். நிறுத்தம் வருவதற்கு முன்பே மெல்ல பிரேக் போட்டு நிறுத்துகிற டிரைவரின் பேருந்தில், நின்றுகொண்டு போகிறவர்கூட அசைய மாட்டார். எதிரே திடீரென்று மாடு வந்து ஒரே மிதியாக மிதித்தால் பின்னால் இருப்பவர் முன்னால் வந்து விழுவார். இரண்டு தடவையும் பேருந்து நின்றது. எவ்வளவு தூரத்துக்குள் நின்றது என்பதுதான் வேறு.

தலை தரையில் மோதும்போது நடப்பதும் இதுதான். மண்டையோடு சட்டென்று நின்றுவிடும். உள்ளே திரவத்தில் மிதக்கும் மூளை அதே வேகத்தில் போய் ஓட்டின் உட்சுவரில் முட்டும். மண்டையோடு உடையாமல் இருந்தாலும் மூளை அடிபடலாம். அதனால், தலையைச் சுற்றி ஒரு இரும்புச் சட்டியைக் கவிழ்த்தால் போதாது. சட்டி உடையாது. ஆனால் சட்டியோடு சேர்ந்து தலையும் அதே நொடியில் நின்றுவிடும்.

சுருக்கமாக: மோதலின் கொடுமை வேகத்தில் மட்டும் இல்லை. அந்த வேகம் எவ்வளவு தூரத்துக்குள் பூஜ்ஜியமாகிறது என்பதில் இருக்கிறது. ஹெல்மெட்டின் வேலை அந்தத் தூரத்தைக் கூட்டித் தருவது.

இரண்டு சென்டிமீட்டர் செய்யும் வேலை

இதை எண்ணிலேயே பார்த்துவிடலாம். சைக்கிளில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையில் இருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும். அங்கிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர்.

இங்கே ஒரு சொல் தேவைப்படுகிறது: 'ஜி'. சும்மா நிற்கும்போது நம் உடல்மீது இருக்கிற புவியீர்ப்பின் இழுப்பு 1 ஜி. 100 ஜி என்றால், அந்த நொடியில் தலை தன் எடையைப் போல் நூறு மடங்கு விசையைத் தாங்குகிறது என்று பொருள்.

கணக்கு எளிது. விழுந்த உயரத்தை, நிற்பதற்குக் கிடைத்த தூரத்தால் வகுத்தால் சராசரி ஜி வந்துவிடும். வெறுந்தலை கல்லில் மோதி 2 மில்லிமீட்டருக்குள் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1500-ஐ 2-ஆல் வகுத்தால் 750 ஜி. நடுவில் ஏதோ ஒன்று 2 சென்டிமீட்டர் நசுங்கி வழிவிட்டால்? 1500-ஐ 20-ஆல் வகுக்க வேண்டும். 75 ஜி. நிஜத்தில் தடுப்பு இவ்வளவு சீராக இருக்காது, உச்சம் இன்னும் மேலே போகும். ஆனாலும் எழுநூறு எங்கே, எழுபது எங்கே. இந்த இரண்டு சென்டிமீட்டருக்காகத்தான் ஹெல்மெட் என்ற பொருளையே செய்கிறார்கள்.

பன்னும் வர்க்கியும்

சரி, நசுங்கினால் போதுமென்றால் மெத்தென்ற ஸ்பாஞ்சு வைக்கலாமே? இந்தக் கேள்விக்குப் பதில் ஊட்டியின் எந்த டீக்கடையிலும் இருக்கிறது. கண்ணாடி ஜாடியில் இருந்து ஒரு பன்னும் ஒரு வர்க்கியும் வாங்குங்கள். பன்னை விரலால் அழுத்துங்கள். எதிர்ப்பே இல்லாமல் அடிவரை போகும், விட்டதும் மேலே எழும்பும். இப்போது வர்க்கி. முதலில் தாங்கும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் மொறுமொறுவென்று அடுக்கடுக்காக உடைந்துகொண்டே விரலுக்கு வழிவிடும். விரலை எடுத்தால் உடைந்தது உடைந்தபடியே இருக்கும்.

தலைக்கு வேண்டியது வர்க்கிதான். ஸ்பாஞ்சு சிறு அடியிலேயே முழுதாக அமுங்கிவிடும். அதற்குப் பிறகு தலைக்கும் கல்லுக்கும் நடுவில் ஒன்றும் இருக்காது. அப்புறம், வாங்கிய ஆற்றலை ஸ்பாஞ்சு திருப்பித் தந்து தலையைத் துள்ளவும் வைக்கும். உடைகிற பொருளோ ஆற்றலை வாங்கி, தன் சுவர்களை நொறுக்குவதிலேயே செலவழித்துவிடும். திருப்பித் தருவது கொஞ்சம்தான்.

தெர்மாகோல் அப்படிப்பட்ட பொருள். அதன் தொழிற்பெயர் இ.பி.எஸ்., அதாவது 'ஊதிப் பெருக்கிய பாலிஸ்டைரின்'. பாலிஸ்டைரின் என்பது ஒரு சாதாரண பிளாஸ்டிக். தெர்மாகோலில் தெரியும் ஒவ்வொரு உருண்டை மணிக்குள்ளும் ஆயிரக்கணக்கான நுண்ணறைகள், அதாவது கண்ணுக்குத் தெரியாத மூடிய காற்றுக் குமிழ்கள் இருக்கின்றன. அடி விழும்போது இந்த அறைகளின் மெல்லிய சுவர்கள் மடங்கி, கிழிந்து, நொறுங்குகின்றன.

சைக்கிள்காரர்கள் இதற்கு வந்துசேர நாளாயிற்று. முன்பெல்லாம் பந்தய வீரர்கள் தோல் பட்டைகளால் பின்னிய ஒரு தொப்பியைத்தான் போட்டார்கள். அமெரிக்காவின் பெல் நிறுவனம் 1975-இல், உள்ளே இ.பி.எஸ். வைத்த 'பெல் பைக்கர்' என்ற சைக்கிள் ஹெல்மெட்டைக் கொண்டுவந்தது. அதன் பிறகும் ஐரோப்பிய சாலைப் பந்தயங்களில் பலர் ஹெல்மெட் இல்லாமலேயே ஓட்டினார்கள். 2003-இல் பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் கஜகஸ்தான் வீரர் ஆந்த்ரேய் கிவிலேவ் தலையில் அடிபட்டு இறந்தார். அந்த ஆண்டுதான் சர்வதேச சைக்கிள் சங்கம் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது.

ரவையாக வந்து ஜவ்வரிசியாக மாறுவது

இனி தொழிற்சாலைக்குள் போவோம். உலகின் பெரும்பாலான சைக்கிள் ஹெல்மெட்டுகள் சீனாவில் தயாராகின்றன. எங்கே செய்தாலும் முறை ஏறக்குறைய ஒன்றுதான்.

மூலப்பொருள் மூட்டையில் வரும்போது ரவை போலவோ சீனி போலவோ இருக்கும். கையில் எடுத்தால் பொடிப்பொடியான கெட்டிப் பிளாஸ்டிக் மணிகள். ஒவ்வொரு மணிக்குள்ளும் பெண்டேன் என்ற பொருள் கொஞ்சம் ஊறியிருக்கிறது. பெண்டேன் என்பது 36 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும் ஒரு திரவம். மணியை ஊதிப் பெருக்குவது இதுதான்.

பொரி எப்படி வருகிறது என்று யோசியுங்கள். சூடான மணலில் அரிசியைப் போட்டதும் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் அரிசியையே ஊதிவிடுகிறது. இங்கே ஈரத்துக்குப் பதில் பெண்டேன், மணலுக்குப் பதில் நீராவி. ஒரு பெரிய உருளைக்குள் மணிகளைப் போட்டு, கிளறிக்கொண்டே நீராவியைச் செலுத்துவார்கள். பிளாஸ்டிக் இளகும், உள்ளே பெண்டேன் விரியும், ரவை ஜவ்வரிசி அளவுக்கு உப்பும்.

ஹெல்மெட்டின் தரம் முக்கால்வாசி இங்கேயே முடிவாகிவிடுகிறது என்பேன். எவ்வளவு நேரம் ஆவி காட்டுகிறார்களோ அவ்வளவு உப்பும். அதிகம் உப்பினால் இலேசான, பலவீனமான மணி. குறைவாக உப்பினால் கனமான, கெட்டியான மணி. அதனால் உப்பிய மணியை ஒரு லிட்டர் பாத்திரத்தில் அளந்து எடை போடுவது முக்கியமான வேலை. டிவி பெட்டிக்குள் வரும் தெர்மாகோல் லிட்டருக்கு 15 முதல் 20 கிராம். ஹெல்மெட்டுக்கு உள்ளது 50 முதல் 100 கிராம். அண்ணன் "வெறும் தெர்மாகோல்" என்றாரே, பொருள் அதேதான், ஆனால் மூன்று நான்கு மடங்கு அடர்த்தி. அப்படியும் அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் காற்றுதான்.

அடர்த்தி கூடக்கூட நல்லது என்றும் நினைத்துவிடக் கூடாது. ரொம்பக் கெட்டியானால் அடி விழும்போது நசுங்காது. பழைய இரும்புச் சட்டிக் கதைதான். ரொம்ப மென்மையானால் பன் கதை. காற்றோட்டத்துக்குப் பெரிய பெரிய துளைகள் வைத்த ஹெல்மெட்டில் அடியைத் தாங்க மிஞ்சும் இ.பி.எஸ். குறைவு. அதனால் அதைக் கொஞ்சம் கெட்டியாகச் செய்ய வேண்டியிருக்கும். வடிவமைப்பாளர் மண்டையை உடைத்துக்கொள்வது பெரும்பாலும் இந்த இழுபறியில்தான்.

உப்பிய மணியை உடனே அச்சில் போட மாட்டார்கள். சூடு ஆறும்போது உள்ளே இருந்த ஆவி சுருங்கி, மணி தொய்ந்து போயிருக்கும். வலைத்துணித் தொட்டியில் பல மணிநேரம், சிலசமயம் ஒரு நாள்கூட சும்மா விடுவார்கள். வெளிக்காற்று மெல்ல உள்ளே நுழைந்து மணிக்குத் திடம் தரும். ஆட்டிய மாவை அன்றே ஊற்றாமல் புளிக்க விடுவது போன்ற பொறுமை இதற்கும் வேண்டும்.

மேல் ஓடு

இன்னொரு பக்கம் மேல் ஓடு தயாராகும். பாலிகார்பனேட் என்ற, எளிதில் உடையாத, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தகடு. வண்ணமும் எழுத்தும் இந்தத் தகடு தட்டையாக இருக்கும்போதே அச்சாகிவிடும். ஊதாத பலூனில் எழுதிய எழுத்து ஊதினால் இழுபட்டு விகாரமாகும் அல்லவா? அதற்காக முதலிலேயே எழுத்தைக் கோணலாக அச்சடிப்பார்கள். தகட்டைச் சூடாக்கி, ஹெல்மெட் வடிவ அச்சின்மேல் வைத்து, அடியில் இருந்து காற்றை உறிஞ்சினால் தகடு அச்சோடு ஒட்டிக்கொண்டு வளைந்துவிடும். கோணல் எழுத்து நேராகிவிடும். பிறகு காற்றுத் துளைகளை வெட்டி எடுப்பார்கள்.

இவ்வளவு மெல்லிய ஓடு எதற்கு? மூன்று வேலை. ரோட்டில் உரசும்போது வழுக்கிக்கொண்டு போக உதவுகிறது. வெறும் இ.பி.எஸ். என்றால் தாரில் பற்றிக்கொண்டு கழுத்தை முறுக்கிவிடும். கூர்மையான ஜல்லிக்கல் ஒரே புள்ளியில் இறங்காமல் அடியைப் பரப்புகிறது. விரிசல் விட்ட இ.பி.எஸ். துண்டு துண்டாகச் சிதறாமல் சேர்த்துப் பிடிக்கிறது. எங்கள் பையனின் ஹெல்மெட்டில் விரிசல் விட்டும் ஒரு துண்டுகூட உதிரவில்லை.

அச்சுக்குள் நடப்பது

மலைவாசிகளுக்கு இந்தக் கட்டம் எளிதாகப் புரியும். ஊட்டி உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது. குக்கர் வேண்டும். அழுத்தத்தில் அடைபட்ட ஆவி 100 டிகிரியைத் தாண்டிச் சூடேறுகிறது. ஹெல்மெட் அச்சும் ஒரு வகைக் குக்கர்தான். பாலிஸ்டைரின் 100 டிகிரியை ஒட்டித்தான் நன்றாக இளகும் என்பதால் அழுத்தமான நீராவி தேவைப்படுகிறது.

அலுமினிய அச்சின் ஒரு பாதியில் முதலில் மேல் ஓட்டை உட்கார வைப்பார்கள். வார் கோக்கும் பிடிப்புகளையும், சில மாடல்களில் உள்ளே எலும்பு போல் ஓடும் ஒரு நைலான் சட்டத்தையும் பொருத்துவார்கள். அச்சை மூடி, ஆறிய மணிகளை காற்றால் ஊதி உள்ளே நிரப்புவார்கள். பிறகு நீராவி. மணிகள் மறுபடி உப்பப் பார்க்கும். இந்தத் தடவை இடம் இல்லை. ஒன்றையொன்று நெருக்கி, இருக்கிற சந்தெல்லாம் அடைத்து, ஒன்றோடொன்று உருகி ஒட்டும். மாதுளையை உடைத்துப் பாருங்கள். முத்துக்கள் நெருக்கத்தில் வளர்ந்து பட்டை பட்டையாக இருக்கும். அச்சுக்குள் மணிகளும் அப்படியே ஆகின்றன. மேல் ஓட்டோடும் சேர்ந்து ஒட்டிவிடுகின்றன. ஓடும் உள்பகுதியும் ஒரே அச்சில் ஒன்றாகும் இந்த முறைக்கு 'இன்-மோல்டு' என்று பெயர். விலை மலிவான ஹெல்மெட்டில் இரண்டையும் தனித்தனியாகச் செய்து பசையாலோ டேப்பாலோ ஒட்டுவார்கள்.

அச்சைத் திறப்பதற்கு முன் தண்ணீர் விட்டு நன்றாகக் குளிரவைக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் உள்ளே இருப்பது தொடர்ந்து உப்பி வடிவம் கெட்டுவிடும். அச்சில் இத்தனையும் சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

இதுவரை பார்த்தது: பிளாஸ்டிக் ரவை ஆவியில் உப்புகிறது, ஆறுகிறது, மேல் ஓட்டோடு அச்சுக்குள் மறுபடி வெந்து ஒரே கட்டியாகிறது.

மிச்சம் கைவேலை. பிசிறை நீக்குவது, வார் கோப்பது, பக்கிள் தைப்பது, பின்னால் இறுக்கும் திருகைப் பொருத்துவது, உள்ளே மெத்தென்ற பட்டைகளை ஒட்டுவது. இந்த மெத்தைப் பட்டைகள்தான் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அவை வேர்வைக்கும் வசதிக்கும்தான். சில ஹெல்மெட்டில் தலைக்கும் இ.பி.எஸ்ஸுக்கும் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் வலை ஒன்று இருக்கும். சாய்வாக அடி விழும்போது அது சற்றே நகர்ந்து, தலை திருகப்படுவதைக் குறைக்கும். 'மிப்ஸ்' என்று சொல்லப்படும் இந்த முறையை ஸ்வீடனில் நரம்பியல் அறுவை மருத்துவர் ஹான்ஸ் வான் ஹோல்ஸ்டும் ஆய்வாளர் பீட்டர் ஹால்டினும் உருவாக்கினார்கள்.

உடைத்துப் பார்க்கும் அறை

தயாரானதில் சிலவற்றை எடுத்து உடைப்பார்கள். உள்ளே ஜி அளக்கும் கருவி வைத்த ஓர் உலோகத் தலை இருக்கும். அதற்கு ஹெல்மெட்டை மாட்டி, கீழே பதித்த எஃகுக் கட்டையின்மேல் விழவிடுவார்கள். ஐரோப்பாவின் 'இ.என். 1078' தரத்தில் தட்டையான எஃகின்மேல் சுமார் ஒன்றரை மீட்டரில் இருந்து விழ வேண்டும். தலை உணரும் உச்சம் 250 ஜி-யைத் தாண்டக் கூடாது. நடைபாதைக் கல் வடிவக் கட்டை ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் 'சி.பி.எஸ்.சி.' தரத்தில் உயரம் 2 மீட்டர், எல்லை 300 ஜி. ஐரோப்பியச் சோதனையில் ஹெல்மெட்டை 50 டிகிரி சூட்டில் வைத்தும், பூஜ்ஜியத்துக்குக் கீழே 20 டிகிரி குளிரில் வைத்தும், வெயிலும் மழையும் போலக் காட்டிப் பழசாக்கியும் இதைச் செய்வார்கள். வார் இழுத்தால் ஹெல்மெட் தலையை விட்டுக் கழன்று வருகிறதா என்றும் பார்ப்பார்கள்.

ஒன்றரை மீட்டர், மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால் கல்லட்டி இறக்கத்தில் 50-இல் வருகிறவனுக்கு என்ன பயன் என்று கேட்கலாம். சைக்கிளின் முன்னோக்கிய வேகம் வேறு, தலை கீழே விழும் வேகம் வேறு. வழுக்கி விழும்போது தரையில் குத்துவது பெரும்பாலும் இரண்டாவதுதான். முதலாவது ரோட்டில் உரசிக்கொண்டே தீரும். ஆனால் அந்த 50-இல் நேராக ஒரு பாறையிலோ எதிரே வரும் லாரியிலோ மோதினால் எந்தச் சைக்கிள் ஹெல்மெட்டும் அதைச் சமாளிக்காது. 36 கொண்டை ஊசி வளைவுள்ள அந்தக் கல்லட்டி ரோட்டில் பிரேக் ரப்பரை முதலில் சரிபார்ப்பது அதனால்தான் முக்கியம்.

அண்ணனுக்கு இன்னொன்றும் காட்டினேன். அவருடைய பைக் ஹெல்மெட்டின் உள்துணியை விலக்கினால் அங்கேயும் கறுப்பு தெர்மாகோல். அதன் மேல் ஓடு தடித்தது, எடையும் மூன்று நான்கு மடங்கு. ஆனால் அடியை வாங்குவது அதே பொருள். பைக் ஹெல்மெட்டுக்கு ஐ.எஸ். 4151 தரமும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் 2021 ஜூன் முதல் கட்டாயம். அது மோட்டார் வண்டி ஓட்டுபவர்களுக்கான சட்டம். சைக்கிள் ஹெல்மெட் வாங்கும்போது உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் இ.என். 1078 அல்லது சி.பி.எஸ்.சி. என்று இருக்கிறதா, தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கிறதா என்று நாம்தான் பார்க்க வேண்டும்.

வீட்டில் வைத்திருக்கும்போது

பெட்ரோலில் தெர்மாகோல் கரைவதைப் பார்த்திருப்பீர்கள். தின்னர், நெயில் பாலிஷ் அழிக்கும் திரவம் எல்லாமே அப்படித்தான். ஹெல்மெட்டைச் சோப்புத் தண்ணீரால் மட்டும் துடையுங்கள். பெயின்ட் அடிக்க வேண்டாம். மேட்டுப்பாளையத்துக்குக் காரில் இறங்கினால் வெயிலில் டேஷ்போர்டின்மேல் வைத்துவிட்டுப் போகாதீர்கள். ஆடி மாதச் சாரலில் மெத்தைப் பட்டைகளில் பூஞ்சை பிடிக்கும். கழற்றித் துவைத்து, அடுப்படிச் சூட்டுக்கு எட்டத்தில் காயப்போடலாம்.

ஒருமுறை நன்றாக அடி வாங்கிய ஹெல்மெட்டைத் திரும்பப் போடக் கூடாது. நொறுங்கிய நுண்ணறைகள் மறுபடி எழும்பாது. வெளியே ஓடு பளபளவென்று இருக்கும், உள்ளே அந்த இடத்தில் வர்க்கி ஏற்கெனவே உடைந்திருக்கும்.

அண்ணனுக்கு இதை வாயால் சொன்னால் போதாது என்று, மறுநாள் ஆக்சா பிளேடால் அந்த ஹெல்மெட்டைக் குறுக்கே அறுத்தேன். அறுத்த முகத்தில் மணிகள் தனித்தனியாகத் தெரிந்தன. வலது பக்கம் பட்டை பட்டையாக, நிறைவாக. இடது பக்கம், கல் பட்ட இடத்தில், அதே மணிகள் அவல் போலத் தட்டையாகி ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிக் கிடந்தன. ஸ்கேல் வைத்துப் பார்த்தோம். வலது பக்கம் 27 மில்லிமீட்டர், இடது பக்கம் 19. அண்ணன் ஸ்கேலை இரண்டு தடவை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். பிறகு தன் மகனின் இடது காதுக்கு மேலே விரலை வைத்து, அந்த எட்டு மில்லிமீட்டர் எங்கே இருந்திருக்கும் என்று தடவிப் பார்த்தார். வாரை யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாது என்று கத்தரியால் அவரே வெட்டிப் போட்டார்.